"அண்டர்ஸ்டாண்ட்?" "எஸ் சார்!"

ஒன்பதாம் வகுப்பு முழுக்க நான் பேசிய இங்கிலீஷ் இந்த இரண்டு சொல்தான். அதுவும் நாற்பது பேரோட சேர்ந்து கத்தினது. புரியலேன்னு சொன்னா 'காலனிப் பசங்க' எழுந்து நிற்கணும். கைடை மனப்பாடம் பண்ணிப் பாஸானேன்.

பி.எட். பயிற்சிக்கு வந்த ஒரு டீச்சர்தான், பாடத்தில் வரும் கிழவன் ஏன் வீட்டைவிட்டுப் போனான் என்று கேட்டுவிட்டு எங்க பெஞ்சுகிட்ட வந்து பேசாம நின்றார். "ஹி நோ மனி டீச்சர். சன் நோ ரெஸ்பெக்ட். ஸோ கோ" என்றேன். வகுப்பே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "ஏன் ரெஸ்பெக்ட் இல்ல?" என்று மேலே கேட்டார். கதை இவனுக்குப் புரிந்திருக்கிறது, வினைச்சொல்தான் வரவில்லை என்பது அவருக்கு அங்கேயே தெரிந்துபோயிற்று. மறுநாள் 'வென்ட்' சொல்லிக்கொடுத்தார். எந்தக் காலாண்டுத் தேர்வும் என்னிடம் இதைக் கண்டுபிடித்ததில்லை.

ஆக, உரையாடலை வைத்துக் கற்றலை மதிப்பிடு என்று கல்வியாளர்கள் சொல்வது சரி. தமிழ்நாட்டில் 2012-13இல் எட்டாம் வகுப்பு வரையும் அடுத்த ஆண்டு ஒன்பதுக்கும் முப்பருவ முறை கொண்டுவந்து, வளரறி மதிப்பீட்டுக்கு 40 மதிப்பெண் ஒதுக்கினார்கள். ஆனால் தோழர்களே, கேள்வி யாரைப் பார்த்துக் கேட்கப்படுகிறது? பொதுத்தேர்வு விடைத்தாளில் ஆளை மறைக்கிறான். வாய்மொழியில் முகம் தெரியும், தெரு தெரியும். 2007இல் அறிக்கை தந்த தோரட் குழு எய்ம்ஸில் விசாரித்தபோது, வாய்மொழித் தேர்வில் பாகுபாடு நடப்பதாகத் தலித், பழங்குடி மாணவர்கள் சொன்னார்கள். டாக்டருக்குப் படிக்கிறவனுக்கே இந்தக் கதி.

1970களில் மேரி பட் ரோ என்கிற அமெரிக்க ஆய்வாளர் அறிவியல் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து கேட்டார். கேள்வி கேட்ட ஆசிரியர் பதிலுக்குக் காத்திருந்தது சராசரியாக ஒரு வினாடி. கெட்டிக்காரப் பிள்ளை என்று நினைத்தால் கொஞ்சம் கூடுதல். மக்கு என்று நினைத்தால் அதுவும் கிடையாது. மூன்று வினாடி பொறுத்தபோது பேசாத பிள்ளைகளும் பேசின. 'உங்க பசங்க வாயே திறக்கமாட்டாங்க' என்கிற வாத்தியார்கள் முதலில் தங்கள் கடிகாரத்தைப் பார்க்கட்டும்.

மாணவன் தலையில் கொட்டி நிரப்புவதை வங்கிமுறைக் கல்வி என்றார் பாவ்லோ பிரெய்ரே. வங்கிக் குமாஸ்தா சொல்கிறேன்: எங்க கவுன்டரில்கூட டோக்கன் வரிசைப்படிதான் கூப்பிடுகிறோம்.

கேள்வி கடைசி பெஞ்சிலிருந்து தொடங்கட்டும். பாதித் தமிழில் வரும் பதிலும் பதிலாக எழுதப்படட்டும். இந்த வாரம் யாரைக் கேட்டார், யாரைக் கேட்கவே இல்லை என்பதும் மதிப்பெண் பதிவேட்டில் ஏறட்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் நம் சேரித் தாய்மார்கள் இருக்கிறார்கள். அடுத்த கூட்டத்தில் அந்தப் பதிவேட்டை மேசைமேல் வைக்கச் சொல்லிக் கேட்கட்டும்.