ஜல்லியடிக்காதீங்க, ஜல்லி போடுங்க!

மாடல் ரயில் வைத்திருக்கும் நம்மாட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. எஞ்சினுக்குப் பார்த்துப் பார்த்துச் செலவு பண்ணுவாங்க. தண்டவாளத்தில் போடும் ஜல்லி என்று வந்தால் மட்டும், "சும்மா கேப்பை மூடத்தானே மச்சி" என்று வெளிநாட்டுப் பாக்கெட் ஒன்றைப் பிரித்துக் கொட்டி ஒட்டிவிடுவாங்க. மேலே ஓடுவது நீல ஐ.சி.எஃப். பெட்டி, கீழே கிடப்பது எந்த ஊர் கல்லோ! கேட்டால் ஒரு மணி நேரம் ஜல்லியடிப்பாங்க.

என் கட்சி இதுதான்: ஜல்லி சரியில்லை என்றால் அது மாம்பலம் இல்லை.

முதலில், ஜல்லி அலங்காரமே இல்லை. ரயிலின் பாரத்தைப் பரப்பித் தரைக்குக் கொடுப்பது, ஸ்லீப்பர் நகராமல் பிடிப்பது, மழைத்தண்ணீரை வடிப்பது எல்லாம் அதுதான். 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டம் பக்கம் ஜல்லி அரித்துப்போய்த் தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியதே, செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகள் நடுவழியில் மாட்டினார்களே, மறந்துபோச்சா?

அடுத்தது கணக்கு. நம்ம ரயில்வே ஜல்லி பெரும்பாலும் 20 முதல் 65 மி.மீ. வரை. எச்.ஓ. மாடல் 87-ல் ஒரு பங்கு. வகுத்தால் சுமார் 0.25 முதல் 0.75 மி.மீ. நீங்க 2 மி.மீ. கல்லைக் கொட்டினால், நிஜத்தில் அது 17 செ.மீ. பாறாங்கல்!

"கேஜே தப்பு, ஜல்லி மட்டும் சரியா இருந்து என்ன?" என்பார்கள். உண்மைதான். நம்ம அகலப்பாதை 1676 மி.மீ., அதை 87-ஆல் வகுத்தால் 19 மி.மீ.க்கு மேல் வரணும். கடையில் கிடைப்பது 16.5. அது நம்ம கையில் இல்லை சாமி. ஜல்லி இருக்கே!

அடையாறில் வீடு கட்டும் இடத்தில் எல்லாம் குவிந்திருக்கும் எம்-சாண்ட் என்ன? உடைத்த கருங்கல். தண்டவாள ஜல்லியும் உடைத்த கருங்கல்தான். கேட்டு ஒரு டப்பா வாங்கி, கழுவிக் காயவைத்து, டீ வடிகட்டியிலும் மாவு சல்லடையிலும் சலித்தால் போதும். கடைசியில் காந்தத்தை ஓட்டி இரும்புத் தூளை எடுத்துடுங்க, இல்லாட்டி எஞ்சின் மோட்டாருக்குள் போயிடும். பெசன்ட் நகர் பீச் மணல் வேண்டவே வேண்டாம். உப்பு ஒரு பக்கம், உருண்டு தேய்ந்த மணல் இன்னொரு பக்கம். ஜல்லிக்கு முனை வேணும்.

காய்ந்த பொடியை பிரஷ்ஷால் சமமாக்கி, ஸ்லீப்பர் மேல் கிடப்பதைத் தட்டிவிட்டு, ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் லிக்விட் கலந்த தண்ணியைத் தெளியுங்க. பிறகு சம அளவு தண்ணி கலந்த ஃபெவிகாலை ஃபில்லரால் சொட்டு சொட்டாக விடணும். பாயின்ட் அசையும் இடத்தில் மட்டும் விடாதீங்க. ராத்திரி முழுக்கத் தொடாதீங்க.

நிறமும் முக்கியம். மாம்பலம் பிளாட்பாரத்தில் நின்று கீழே பாருங்க. பிரேக் தூசியும் துருவும் படிந்து காவிப் பழுப்பு. ஒரே சாம்பல் நிறத்தில் பளபளவென்று இருந்தால் அதில் ரயிலே ஓடவில்லை என்று அர்த்தம்.

"தள்ளி நின்னு பார்த்தா தெரியாது" என்பது கடைசி வாதம். தள்ளி நின்றால் எஞ்சின் நம்பர்தான் தெரியாது. நீளமாக ஓடும் ஜல்லிதான் முதலில் கண்ணில் படும்.

பி.காம். பாஷையில் சொன்னால், எஞ்சின் நடப்புச் சொத்து, பிடிக்கலைன்னா விற்றுடலாம். ஒட்டின ஜல்லி நிலைச் சொத்து. அதில் போய் சோம்பேறித்தனம் பண்ணலாமா? நீங்களே சொல்லுங்க மக்களே!