தபால் வாக்கு: கொரோனா நோயாளிகளுக்குக் கிடைத்தது ஒரு மணி நேரம்தான்

2021 ஏப்ரல் 6 அன்று மாலை, வாக்குப்பதிவு முடியப்போகும் நேரத்தில், சென்னை மயிலாப்பூர் வாக்குச்சாவடி ஒன்றுக்கு முழு உடல் கவச உடையில் ஒருவர் வாக்களிக்க வந்தார். தூத்துக்குடி நாடாளுமன்ற உறுப்பினர் கனிமொழிதான் அவர். மூன்று நாட்களுக்கு முன்புதான் அவருக்குத் தொற்று உறுதியாகியிருந்தது. அந்தப் படத்தை எல்லோரும் பகிர்ந்தோம், பாராட்டினோம். ஆனால் கொரோனா நோயாளிகளுக்குத் தபால் வாக்கு உண்டு என்று மாதக்கணக்கில் அறிவித்துக்கொண்டிருந்தார்களே, அப்படியிருக்க ஒரு நோயாளி ஏன் வாக்குச்சாவடி வரை வர வேண்டியிருந்தது என்று யாரும் பெரிதாகக் கேட்கவில்லை.

விடை தேர்தல் அட்டவணையில் இருக்கிறது. தபால் வாக்கு வேண்டுபவர்கள் 12டி படிவத்தை நிரப்பித் தர வேண்டும். தேர்தல் அறிவிக்கை வெளியான நாளிலிருந்து ஐந்து நாட்களுக்குள் அது அதிகாரி கைக்குப் போய்ச் சேர வேண்டும். தமிழகத்தில் அறிவிக்கை வெளியானது மார்ச் 12. ஆக, மார்ச் 16 கடைசி நாள். வாக்குப்பதிவோ அதற்கு மூன்று வாரம் கழித்து. மார்ச் தொடக்கத்தில் மாநிலத்தின் அன்றாடத் தொற்று ஐந்நூறைச் சுற்றி இருந்தது. வாக்குப்பதிவு நாளன்று அது மூவாயிரத்தைத் தாண்டிவிட்டது. ஏப்ரல் 6 அன்று படுக்கையில் இருந்தவர்களில் பெரும்பாலோர் மார்ச் 16 அன்று நல்ல ஆரோக்கியத்துடன் நடமாடியவர்கள். நோய் வருவதற்கு முன்பே நோயாளி என்று எப்படி விண்ணப்பிப்பது?

குறை எங்கே என்று பார்த்தால், இந்த ஏற்பாடே வேறு நோக்கத்துக்காக உருவானது. 2019 அக்டோபரில் தேர்தல் நடத்தை விதிகளைத் திருத்தி, 80 வயதைக் கடந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டிலிருந்தே வாக்களிக்கும் வசதியைக் கொண்டுவந்தார்கள். நல்ல திட்டம். வயதும் ஊனமும் முன்கூட்டியே தெரிந்தவை என்பதால் மூன்று வாரத்துக்கு முன் விண்ணப்பிப்பதில் அவர்களுக்குச் சிரமம் இல்லை. 2020 ஜூனில் அதே விதிக்குள் கொரோனா நோயாளிகளையும், தொற்று இருக்கலாம் எனச் சந்தேகிக்கப்படுபவர்களையும் சேர்த்தார்கள். வயது வரம்பை 65 ஆகவும் குறைத்தார்கள். ஆள் பற்றாக்குறை, ஏற்பாடுகளில் சிக்கல் என்று சொல்லி பீகார் தேர்தலில் ஆணையம் அந்த 65-ஐ நடைமுறைப்படுத்தவில்லை. தமிழகத்திலும் 80 தான் நின்றது. நோயாளிகளைச் சேர்த்தவர்கள் கடைசி நாளை மட்டும் மாற்றவே இல்லை. மீதி இருந்தது மாலை 6 முதல் 7 வரை, கவச உடையோடு கடைசி ஒரு மணி நேரம். நாடாளுமன்ற உறுப்பினருக்கு வாகனமும் உதவியாளரும் உண்டு. காய்ச்சலில் கிடக்கும் ஒரு கூலித் தொழிலாளி யாரை அழைத்துக்கொண்டு, எதில் ஏறி வருவார்?

தென் கொரியாவும் இதே சிக்கலைச் சந்தித்தது. 2020 ஏப்ரல் 15 அன்று அங்கே நாடாளுமன்றத் தேர்தல். நோயாளிகளுக்குத் தபால் வாக்கு தந்தார்கள். அதற்கும் மார்ச் மாதத்திலேயே கடைசி நாள் இருந்தது. ஆனால் அந்த நாளுக்குப் பிறகு தொற்று வந்தவர்களை அப்படியே விட்டுவிடவில்லை. சிகிச்சை மையங்களிலேயே தனி வாக்குச்சாவடிகளை அமைத்து முன்கூட்டியே வாக்களிக்க வைத்தார்கள். தனிமைப்படுத்தப்பட்டிருந்தவர்கள், மற்றவர்கள் வாக்களித்து முடித்த பின் வந்து போட்டார்கள். வாக்குப்பதிவு 66.2 சதவீதம், 1992-க்குப் பிறகு அதுவரை நடந்த அந்நாட்டு நாடாளுமன்றத் தேர்தல்களில் அதுவே அதிகமாக இருந்தது. நம் ஊரிலும் கொரோனா மையங்கள் கல்லூரிகளிலும் மண்டபங்களிலும்தானே இயங்கின? அங்கே ஒரு வாக்குப்பதிவுக் குழுவை அனுப்பியிருக்க முடியாதா?

இந்தத் தேர்தலில் தபால் வாக்கு பற்றிய சச்சரவு வேறு திசையில் போனது. 80 வயதினருக்கான வசதியையே எதிர்த்து திமுக சென்னை உயர் நீதிமன்றம் சென்றது. வீட்டில் நடக்கும் வாக்குப்பதிவில் ரகசியம் காக்கப்படாது, முறைகேட்டுக்கு வழி திறக்கும் என்பது வாதம். தலைமை நீதிபதி சஞ்சிப் பானர்ஜி அமர்வு மார்ச் மாதம் அதைத் தள்ளுபடி செய்தது. விடுபட்டுப் போகக்கூடியவர்களைச் சேர்த்துக்கொள்ளும் ஏற்பாடாகவே நீதிமன்றம் அதைப் பார்த்தது. (அதே தலைமை நீதிபதிதான் ஏப்ரல் 26 அன்று, இரண்டாம் அலைக்கு ஆணையமே பொறுப்பு என்று வாய்மொழியாகக் கடுமையாகச் சாடினார்.) தீர்ப்பு சரி என்றே நினைக்கிறேன். ஆனால் திமுகவின் அச்சம் ஆதாரமற்றது என்றும் சொல்ல மாட்டேன். காரணம், எங்கள் வீட்டிலேயே பார்த்தேன்.

எங்கள் நன்னிக்கு 84 வயது. இரண்டு அதிகாரிகள், ஒரு காவலர், வீடியோ எடுப்பவர் என்று குழு வந்தது. நடைமுறையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தடுப்பு வைத்தார்கள், வாக்குச்சீட்டைக் கொடுத்தார்கள், எங்களை வெளியே நிற்கச் சொன்னார்கள். பெரியத்தா வாசலில் நின்றபடியே, "அம்மா, யாருக்குன்னு ஞாபகம் இருக்குல்ல?" என்று குரல் கொடுத்தார். அதிகாரி முறைத்தார். நன்னி உள்ளேயிருந்து, "எனக்குத் தெரியும், நீ சும்மா இரு" என்றார். எங்கள் நன்னி அப்படிச் சொல்லக்கூடியவர். மகன் வீட்டில் ஒண்டியிருக்கும், மாத்திரைக்கும் மருமகளின் முகத்தைப் பார்க்கும் எத்தனை தாய்மார்களால் அப்படிச் சொல்ல முடியும்? வாக்குச்சாவடியில் அட்டை மறைப்பு செய்யும் வேலையை வீட்டில் நாம்தான் செய்ய வேண்டியிருக்கிறது. கண் தெரியாதவர், கை நடுங்குபவர் துணை கேட்டால் அது வேறு. கேட்காதபோது எட்டிப் பார்ப்பது அவருடைய உரிமையைப் பறிப்பதுதான்.

இன்னொன்றும் பலருக்குத் தெரியவில்லை. தபால் வாக்கு வேண்டும் என்று கேட்டு அது ஏற்கப்பட்டுவிட்டால், வாக்காளர் பட்டியலில் பெயருக்கு எதிரே குறித்துவிடுவார்கள். பிறகு மனம் மாறி வாக்குச்சாவடிக்குப் போனாலும் வாக்களிக்க முடியாது. உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்தோ சான்றொப்பமோ சரியில்லை என்றால் உள்ளே இருக்கும் சீட்டைப் பிரிக்காமலே தள்ளிவிடுவார்கள். இது சின்ன விஷயம் இல்லை. 2016-ல் ராதாபுரத்தில் அதிமுகவின் இன்பதுரை, திமுகவின் அப்பாவுவை வென்றது 49 வாக்கு வித்தியாசத்தில். அங்கே 203 தபால் வாக்குகள் நிராகரிக்கப்பட்டிருந்தன. சான்றொப்பம் இட்டவர் நடுநிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர், அவருக்கு அந்த அதிகாரம் இல்லை என்பது காரணம். 2019 அக்டோபரில் உயர் நீதிமன்றம் மறு எண்ணிக்கைக்கு உத்தரவிட்டது. முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. அப்படியே அந்தச் சட்டமன்றத்தின் காலமே முடிந்துவிட்டது. 2021-ல் தியாகராய நகரில் வெற்றி வித்தியாசம் 137.

இதையெல்லாம் பேசும்போது நம் வீடுகளில் பாதிப் பேர் ஊரிலேயே இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். வளைகுடாவில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளுக்குத் தபால் வாக்கு கிடையாது. வெளிநாட்டில் இருப்பவர்கள் பட்டியலில் பெயர் சேர்க்கலாம் என்று 2010-ல் சட்டம் திருத்தப்பட்டது. ஆனால் வாக்களிக்க, பாஸ்போர்ட்டோடு சொந்தத் தொகுதிக்கு நேரில் வர வேண்டும். விமானமே இல்லாமல் மாதக்கணக்கில் அறைக்குள் அடைபட்டுக் கிடந்தவர்களுக்கு இந்த உரிமை என்ன அர்த்தம் தரும்? எல்லையில் இருக்கும் ராணுவ வீரர்களுக்கு வாக்குச்சீட்டை மின்னணு முறையில் அனுப்பி, தபாலில் திரும்பப் பெறும் வசதி ஏற்கெனவே நடப்பில் உள்ளது. அதை வெளிநாடுவாழ் வாக்காளர்களுக்கும் விரிவாக்கலாம் என்று ஆணையமே 2020 நவம்பரில் சட்ட அமைச்சகத்துக்கு எழுதியது. முடிவு இன்னும் வரவில்லை.

முடிவு வரும்வரை காத்திருக்காமல் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வெளிநாட்டு வாக்காளராகப் பதிய 6ஏ படிவம் ஆன்லைனிலேயே கிடைக்கிறது. நாளைக்கே தபால் வாக்கு வந்தாலும், பட்டியலில் பெயர் இருப்பவருக்குத்தான் சீட்டு வரும். அடுத்த முறை வீடியோ காலில் பேசும்போது, உங்கள் பிள்ளை அதைப் பூர்த்தி செய்துவிட்டாரா என்று கேளுங்கள்.