பரதேசிகளுக்கு மூளை கிடையாதா?

லோயர் கேம்ப்பில் விடிகாலை நேரத்தில் டீக்கடை வாசலில் நின்றிருக்கிறீர்களா? கம்பம், கூடலூர் பக்கமிருந்து ஜீப்புகள் வரிசையாக வரும். ஏழெட்டுப் பேர் உட்காரவேண்டிய வண்டியில் பதினைந்துக்கு மேல் இருப்பார்கள். முக்கால்வாசி பெண்கள். தலையில் துண்டு, மடியில் தூக்குவாளி. மலையேறி, குமுளி தாண்டி, ஏலத்தோட்டத்தில் நாளெல்லாம் குனிந்து நிமிர்ந்துவிட்டு சாயங்காலம் இதே ரோட்டில் இறங்கி வருவார்கள்.

போன மாதம் அங்கே ஒரு லாட்ஜ் அறையில் டி.வி.யைப் போட்டால், பாலாவின் ‘பரதேசி’. 2013 மார்ச் 15 அன்று வெளியான படம். அப்போதே கம்பத்தில் பார்த்துவிட்டு, வெளியே வந்து யாரிடமும் பேசாமல் நடந்தேன். மனசு கனத்துப்போய் என்றுதான் அன்று நினைத்தேன். இல்லை, எரிச்சல். சுற்றி எல்லாரும் ‘காவியம்’ என்று சொல்லிக்கொண்டிருந்ததால் வாயைத் திறக்க பயம். அவ்வளவுதான்.

யார் எடுத்த படம்? ‘சேது’வும் ‘பிதாமக’னும் தந்தவர், ‘நான் கடவு’ளுக்காகச் சிறந்த இயக்குநருக்கான தேசிய விருது வாங்கியவர், அதிலும் தேனி மாவட்டத்துக்காரர். மலையேறிக் கூலிக்குப் போகிறவர்களின் கதையை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த நேரத்தையும் யோசித்துப் பாருங்கள். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு சண்டை உச்சத்துக்குப் போனபோது குமுளி ரோடு அடைபட்டுக் கிடந்தது. தோட்டங்களிலிருந்து நம் சனங்கள் பிள்ளைகுட்டிகளோடு காட்டுப் பாதையில் இறங்கி ஓடிவந்தார்கள். 2013 ஜனவரி 15-ல் இதே லோயர் கேம்ப்பில் பென்னிகுயிக் மணிமண்டபம் திறந்தார்கள். அந்த அணையைக் கட்டப் போய் மலேரியாவிலும் காலராவிலும் செத்த கூலிகளின் பேரப்பிள்ளைகள் இந்த ஊர்களில் இருக்கிறார்கள். மணிமண்டபம் திறந்து சரியாக இரண்டு மாதத்தில் இந்தப் படம். இதைவிடத் தோதான பார்வையாளர்கள் எந்த இயக்குநருக்குக் கிடைப்பார்கள்?

அவர்களுக்கு பாலா எதைக் காட்டினார்? முதுகைக் கூனிக்கொண்டு, வாயைப் பிளந்துகொண்டு, ஈ என்று இளிக்கிற ஒரு கதாநாயகனை. அதர்வா பாவம், சொன்னதைச் செய்தார். ஊரே அவனை வைத்துச் சிரிக்கிறது, நாமும் சிரிக்கவேண்டும். பிறகு அதே ஆளை அடிப்பார்கள், குதிகால் நரம்பை அறுப்பார்கள், அப்போது நாம் அழவேண்டும். வேதிகாவுக்குக் கறுப்புச் சாயம் பூசிவிட்டால் கிராமத்துப் பெண். சாக்குத் துணி மாதிரி ஒன்றைச் சுற்றிவிட்டால் 1939. இந்தப் படத்துக்குக் கிடைத்த தேசிய விருது எதற்குத் தெரியுமோ? ஆடை வடிவமைப்புக்கு! பூர்ணிமா ராமசாமியின் உழைப்பை நான் குறைசொல்லவில்லை. விருதுக் குழு சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறது என்கிறேன்.

48 நாள் நடக்கிறார்களாம் மலைக்கு. கன்னியாகுமரியில் கிளம்பி தினம் பதினைந்து கிலோமீட்டர் நடந்தாலே 48 நாளில் மெட்ராஸ் வந்துவிடும் சார்! ஒரு மண்டலம் என்றால் கேட்க கம்பீரமாக இருக்கிறது, அதனால் போட்டுவிட்டார்கள்.

நல்லதே இல்லையா? இருக்கிறது. செழியனின் கேமரா அந்தப் பாறையையும் வானத்தையும் பார்த்த விதம் கண்ணை விட்டுப் போகாது. நாஞ்சில் நாடன் வசனத்தில் மண்வாசனை. கூலி பட்டுவாடா காட்சி ஒன்று வருமே, முன்பணம், அந்தப் பிடித்தம், இந்தப் பிடித்தம் என்று கழித்துக் கழித்துக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்காது, இன்னும் இத்தனை காலம் வேலை செய்யணும் என்பார்கள். அங்கே வயலின் அழவில்லை, யாரும் மண்ணில் புரளவில்லை. ஒரு கணக்கு நோட்டு, ஒரு குரல். வயிற்றைப் பிசைந்தது. முழுப் படத்தையும் அப்படி எடுக்க அவருக்குத் தெரியும் என்பதுதான் என் ஆத்திரமே.

மூலக்கதைக்கு வருவோம். 1940-களில் வால்பாறைத் தோட்டங்களில் டாக்டராக வேலை பார்த்த பி.எச்.டேனியல், அங்கே கேட்டதையும் கண்டதையும் வைத்து ஆங்கிலத்தில் எழுதிய ‘ரெட் டீ’, 1969-ல் வந்தது. இரா.முருகவேள் தமிழில் ‘எரியும் பனிக்காடு’ ஆக்கினார். எழுதியவர் தொழிலாளிக்காகத் தொழிற்சங்க வேலை பார்த்த மனிதர். நாவலில் வரும் டாக்டர், சனங்கள் ஏன் சாகிறார்கள் என்று கேட்கிறவர். படத்தில் அந்த டாக்டர் என்ன ஆனார்? வெள்ளைக்கார மனைவியோடு வந்து, ஆட்டம் பாட்டத்தோடு மதம் மாற்றுகிற கோமாளி ஆனார். கொள்ளைநோயில் கொத்துக்கொத்தாகச் சாகும்போது ஒரு பாட்டு! மதமாற்றத்தை விமர்சிக்கட்டும், தாராளமாக. ஆனால் அந்தக் கதைக்குள் கேள்வி கேட்ட ஒரே படித்த ஆளைத் தேடிப்பிடித்து ஏன் கேலி செய்யவேண்டும்?

படம் வருவதற்கு முன்னால் ஒரு டீசர் விட்டார்கள், ஞாபகம் இருக்கிறதா? இயக்குநரே தடியை எடுத்து நடிகர்களை விளாசுவது மாதிரி. நிஜத் தடி இல்லை, ஒத்திகை என்று பிறகு சொன்னார்கள். சரி, நம்புவோம். அடிமைகளைப் பற்றிய படத்துக்கு அதையா விளம்பரமாக வைப்பது?

மறுநாள் டீக்கடையில், ஜீப்புக்குக் காத்திருந்த ஓர் அக்காவிடம் கேட்டேன். ஐம்பதைத் தாண்டியவர், பன்னிரண்டு வயசில் தோட்டத்துக்குப் போக ஆரம்பித்தவராம். படம் பார்த்திருக்கிறார்.

“நெறையா அழுதேன் சார். எங்க ஆத்தா கதைதான அது. ஆனா ஒண்ணு. அந்த ஊருல ஒருத்தருக்குக் கூடவா வெவரம் இருக்காது? எங்க ஆத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கங்காணி கணக்குல ஒருநாள் கொறைச்சிட்டாண்டு, சேலை முந்தியில முடிச்சுப் போட்டு வச்சு எண்ணிக் காட்டுச்சு. அடியும் வாங்குச்சு. மறுவாரமும் முடிச்சுப் போட்டுச்சு.”

முந்தியில் முடிச்சுப் போட்ட அந்தக் கிழவியை ‘பரதேசி’யில் தேடிப் பாருங்கள். கிடைக்கமாட்டாள். படம் வந்து இரண்டே வருஷத்தில், 2015 செப்டம்பரில், மூணாறில் தேயிலை பறிக்கும் பெண்கள், பெரும்பாலும் தமிழச்சிகள், தொழிற்சங்கத் தலைவர்களையே ஓரங்கட்டிவிட்டு ரோட்டில் உட்கார்ந்து 20 சதவீத போனஸை வாங்கிக் காட்டினார்கள். ‘பெண்பிள்ளை ஒருமை’ என்று பேர் வைத்துக்கொண்டார்கள். அவர்களுடைய பாட்டிகளைத்தான் பாலா வெறுமனே ஒப்பாரி வைக்கவிட்டார்.

“சினிமாவுல அதெல்லாம் காட்டமாட்டாகளா சார்?” என்று கேட்டார் அந்த அக்கா. நான் பதில் தேடுவதற்குள் ஜீப் வந்துவிட்டது. ஏற்கெனவே பதினான்கு பேர். கிளீனர் பையன் “உள்ள போ, உள்ள போ” என்றான். “எங்கிட்டுடா போக, உன் மடியிலயா?” என்றார் அவர். ஜீப்பே சிரித்தது.