பாம்புக்கு ஒரு கம்பளிச் சட்டை

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பர். அப்பாம்பையே வீட்டின் செல்லப்பிள்ளையாக்கிக் குழந்தைகளைச் சிரிக்க வைத்தவர் டோமி உங்கரர். அவர் எழுதி, ஓவியமும் தீட்டிய ‘கிரிக்டர்’ என்னும் படக்கதை 1958-ல் வெளிவந்தது.

பிரான்சின் சிற்றூர் ஒன்றில் வாழும் போடோ அம்மையாருக்கு, ஆப்பிரிக்காவிலுள்ள மகன் பிறந்தநாள் பரிசாக மலைப்பாம்பொன்றை அனுப்புகிறான். பெட்டியைத் திறந்தவர் அலறுகிறார். ஆயினும் தூக்கியெறியவில்லை, விலங்குக்காட்சி சாலைக்கு எடுத்துச் சென்று, அது நஞ்சற்றது எனத் தெளிகிறார். பிறகு புட்டிப்பால் புகட்டுகிறார். குளிருக்கு நீண்ட கம்பளிச் சட்டை பின்னுகிறார். தாம் கற்பிக்கும் பள்ளிக்கும் அழைத்துச் செல்கிறார். அங்கே அது உடலை வளைத்து எழுத்துகளாகிறது. சிறுவர்க்குச் சறுக்குமரமும் ஆகிறது. ஓரிரவு திருடன் புகுந்து அம்மையாரைக் கட்டிப்போட, காவலர் வரும்வரை அவனைச் சுற்றி வளைத்துப் பிடிக்கிறது. ஊரார் பதக்கமளித்துச் சிலையும் வைக்கின்றனர்.

1931-ல் ஸ்ட்ராஸ்பர்க்கில் பிறந்த உங்கரர், 1940-ல் நாஜிகள் அப்பகுதியைக் கைப்பற்றியபோது பள்ளிச் சிறுவர். பிரெஞ்சு மொழிக்குத் தடை. பிறரை வெறுப்பதே பாடம். அவரே பின்னாளில் பாம்பு, வௌவால், பிணந்தின்னிக் கழுகு என மக்கள் அருவருக்கும் உயிர்களைக் கதைத்தலைவர்களாக்கினார்.

போடோ அம்மையாரும் முதலில் அஞ்சியவரே. அச்சத்தோடு நில்லாமல் விசாரித்தறிந்தார். அவ்விசாரிப்பு இல்லையேல் கம்பளிச் சட்டையும் இல்லை, காவலும் இல்லை. இக்கதையைச் சொல்லும் பெற்றோர், சிரிப்பு அடங்கியபின் அந்த விலங்குக்காட்சி சாலைப் பக்கத்தைக் குழந்தைக்கு மீண்டுமொருமுறை புரட்டிக் காட்டுதல் நன்று.