சிபாரிசுக்கு ஆங்கிலத்தில் என்ன பெயர்?

எங்கள் அலுவலகத்தில் சிபாரிசு கிடையாது. ஸ்பான்சர்ஷிப் மட்டும்தான்.

ஐடி பக்கம் வராதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். மென்ட்டார் என்பவர் உங்களிடம் பேசுபவர். இதைப் படி, அதைக் கற்றுக்கொள், மீட்டிங்கில் வாயைத் திற என்பார். ஸ்பான்சர் உங்களைப் பற்றிப் பேசுபவர். அதுவும் நீங்கள் இல்லாத அறையில். வருடத்துக்கு ஒருமுறை மேனேஜர்கள் கூடி யாருக்குப் பதவி உயர்வு என்று முடிவுசெய்வார்கள். காலிப்ரேஷன் என்று பெயர். திரையில் நாற்பது பேர் இருப்பார்கள், இடம் ஆறோ ஏழோதான் இருக்கும். ஒரு பெயருக்கு இரண்டு மூன்று நிமிடம். உங்கள் பெயர் வரும்போது யாராவது தொண்டையைச் செருமிக்கொண்டு "இந்தப் பையனை எனக்குத் தெரியும்" என்று சொல்ல வேண்டும். சொல்ல ஆள் இல்லையென்றால் அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் எச்.ஆர். இதையே ஒரு திட்டமாக அறிவித்தது. மூத்தவர்கள் ஆளுக்கு ஒருவரைத் தேர்ந்தெடுத்து ஒன்பது மாதம் கைதூக்கிவிட வேண்டும். என்னை ஒருவர் தேர்ந்தெடுத்தார். எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது. அதனால் இது வயிற்றெரிச்சலில் எழுதுவதல்ல, வயிறு நிறைந்தவன் எழுதுவது.

முதல் சந்திப்பில் அவர் என் ப்ராஜெக்டைப் பற்றி அதிகம் கேட்கவில்லை. "சொந்த ஊர் எது?" என்றார். சொன்னேன். "அங்க எந்தப் பக்கம்?" என்றார். தமிழ்நாட்டில் பிறந்த யாருக்கும் அந்த இரண்டாவது கேள்வி எதற்கு என்று தெரியும். எனக்கும் தெரிந்தது. தெருப் பெயரைச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கும் உள்ளே ஒரு நிம்மதி வந்தது. போகும்போது தோளில் தட்டி, "உன்னைப் பார்த்தா சின்ன வயசுல என்னையே பாக்குற மாதிரி இருக்குப்பா" என்றார். நல்ல மனிதர்தான். ஒரு பைசா வாங்கவில்லை, பொய்யும் சொல்லவில்லை. தன்னைப் போல ஒருவனுக்கு நல்லது செய்தார், அவ்வளவுதான். பிரச்சினையே அந்த 'அவ்வளவுதான்'.

எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவர் பக்கத்து சீட்டில் இருந்த ஒரு பெண். என்னைவிட இரண்டு வருடம் சீனியர். பேமென்ட் கணக்கு இடித்தால் ராத்திரி இரண்டு மணிக்கும் அவருக்குத்தான் போன் போகும். நான் எழுதிய கோடில் பாதி அவர் திருத்தியது. ரிசல்ட் வந்த அன்று, "ட்ரீட் எப்போ?" என்று சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்துச் சாதாரணமாகக் கேட்டார்: "என் பேரு அந்த ரூம்ல வந்துச்சா, கேட்டுச் சொல்றியா?"

கேட்டேன். என் ஸ்பான்சர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "வந்துச்சுப்பா. அவங்களுக்குப் பேச ஆள் இல்ல."

பேச ஆள் இல்லை. வேலை சரியில்லை என்று யாரும் சொல்லவில்லை. ஆறு மாதத்தில் அவர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார்.

இதற்கு ஒரு பதில் தயாராக இருக்கும், எனக்குத் தெரியும். ஸ்பான்சர்ஷிப் என்பதே அவரைப் போன்றவர்களுக்காக வந்ததுதானே? உண்மை. 2010இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் ஹெர்மினியா இபாராவும் இன்னும் இருவரும் எழுதிய கட்டுரை, பெண்களுக்கு மென்ட்டார்கள் கிடைக்கிறார்கள், ஸ்பான்சர்கள்தான் கிடைப்பதில்லை, பதவி உயர்வில் அவர்கள் பின்தங்க அது ஒரு காரணம் என்றது. 2013இல் சில்வியா ஆன் ஹியூலெட், மென்ட்டாரை மறந்துவிட்டு ஸ்பான்சரைத் தேடு என்று தலைப்பிலேயே சொல்லி ஒரு புத்தகம் போட்டார். நோயைச் சரியாகத்தான் கண்டுபிடித்தார்கள். ஆனால் மருந்துச் சீட்டை எங்கள் கம்பெனி நிரப்பியபோது, யாருக்குக் கொடுப்பது என்ற முடிவை மூத்தவர்களின் விருப்பத்துக்கே விட்டுவிட்டது. ஏற்கெனவே ஆள் பலம் உள்ளவனுக்கு இன்னோர் ஆள் கிடைத்தது. ஆள் இல்லாதவருக்கு அப்போதும் ஆள் இல்லை.

'விருப்பம்' ஒன்றும் கள்ளங்கபடம் அறியாத குழந்தை அல்ல. சுகதேவ் தோரட்டும் பால் அட்டிவெலும் செய்த ஆய்வு ஒன்று 2007இல் வந்தது. தனியார் வேலை விளம்பரங்களுக்கு ஒரே மாதிரித் தகுதிகளோடு, பெயரை மட்டும் மாற்றி விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். உயர்சாதி இந்துப் பெயர்களைவிட தலித், முஸ்லிம் பெயர்களுக்கு அழைப்பு வரும் வாய்ப்பு குறைவாக இருந்தது. முகம் தெரியாத காகிதத்துக்கே இந்தக் கதி. தெருப் பெயர் கேட்டு, சேர்ந்து சாப்பிட்டு, ஒன்பது மாதம் பழகித் தேர்ந்தெடுப்பதில் என்ன நடக்கும்?

அதே 2007இல்தான் நான் அண்ணா பல்கலைக்கழகத்துக்குக் கவுன்சிலிங் போனேன். நுழைவுத்தேர்வை எடுத்துவிட்டு ப்ளஸ் டூ மதிப்பெண்ணை மட்டும் வைத்துச் சேர்க்கை நடந்த முதல் வருடம். அப்பா சட்டைப்பையில் ஒரு பிரமுகரின் கடிதத்தை வைத்திருந்தார். யாரிடம் நீட்டுவது என்று தெரியாமல் அரங்கைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். நீட்ட அங்கே யாரும் இல்லை. 200க்கு எவ்வளவு கட்ஆஃப், ரேங்க் என்ன, எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவுக்கு எத்தனை இடம் மிச்சம், எல்லாம் எல்லோர் கண்முன்னும் இருந்தது. சாதியும் இருந்தது. ஆனால் கட்டம் போட்டு, எண் போட்டு, 69 சதவீதம் என்று சட்டம் போட்டு இருந்தது. எனக்கு இடம் கிடைக்காமல் போயிருந்தாலும் ஏன் என்று தெரிந்திருக்கும். கடிதம் மடிப்புக் கலையாமல் ஊர் திரும்பியது.

அந்த வரிசையில் நின்று படித்து வந்த நாங்கள், கண்ணாடிக் கட்டடத்துக்குள் வந்ததும் எதைத் திறமை என்கிறோம்? அப்பாவின் பையில் இருந்தால் அது சிபாரிசு, அசிங்கம். வைஸ் பிரசிடென்ட் வாயில் இருந்தால் அது ஸ்பான்சர்ஷிப், லிங்க்ட்இன்னில் நன்றி சொல்லி பதிவு போடலாம். நானும் போட்டேன். இட ஒதுக்கீட்டால் திறமை செத்துவிட்டது என்று மதியச் சாப்பாட்டு மேசையில் வகுப்பெடுக்கும் என் நண்பர்கள்தான் அதற்கு முதலில் லைக் போட்டார்கள்.

ஒருவரின் வேலை தனக்காகத் தானே பேச முடியாத அறையில்தான் ஸ்பான்சர் தேவைப்படுகிறார். அறையை அப்படியே வைத்துக்கொண்டு ஆளுக்கு ஒரு வக்கீல் பிடித்துக்கொடுப்பதைச் சீர்திருத்தம் என்று சொல்லாதீர்கள். வக்கீல் வேண்டுமென்றால் எல்லோருக்கும் கொடுங்கள். யாருக்கு யார் என்பதைக் குலுக்கிப் போட்டு எடுங்கள். அங்கே சொல்லப்படுவதை எழுதி, யாரைப் பற்றிச் சொன்னீர்களோ அவரிடம் காட்டுங்கள். தள்ளப்பட்ட பெயருக்கு ஏன் என்று ஒரு வரியாவது எழுதுங்கள். செலவே இல்லாத காரியங்கள். செய்ய மாட்டார்கள், ஏனென்றால் எழுதிக் காட்ட வேண்டியிருந்தால் "என்னையே பாக்குற மாதிரி இருக்கு" என்பதை யாராலும் எழுத முடியாது.

இந்த வருடம் நானே ஸ்பான்சர். படிவம் வந்திருக்கிறது. பெயர் என்ற இடத்தைப் பார்த்ததும் சட்டென்று நினைவுக்கு வந்தவன், என் கல்லூரிக்காரன், என்னோடு டீ குடிப்பவன். அதனாலேயே அவனை எழுதவில்லை. டீமில் இருப்பவர்கள் ஒரு வருடத்தில் செய்ததையெல்லாம் எடுத்துவைத்து மூன்று ராத்திரி படித்தேன். இதுவரை நான் நாலு வார்த்தைகூடப் பேசியிராத ஒருவரின் பெயரை எழுதியிருக்கிறேன். 'ஏன் இவர்?' என்ற கட்டத்தில் எழுதியதை அவரிடமே காட்டிவிட்டுத்தான் அனுப்பப்போகிறேன். அப்படிக் காட்டச் சொல்லிப் படிவத்தில் இல்லை. காட்டக்கூடாது என்றும் இல்லை.