பிளேலிஸ்ட்டில் இருந்த பாட்டு எங்கே போச்சு? நண்பர்கள் அனுப்பும் லிங்க்கின் பின்னால் நடப்பது என்ன?

"மச்சான், இதைக் கேளு. ஹெட்போன் போட்டுக் கேளு."

இரவு 11 மணிக்கு மேல் காலேஜ் வாட்ஸ்அப் குரூப்பில் இப்படி ஒரு மெசேஜ் வரும், கீழே ஒரு லிங்க் இருக்கும். பத்துப் பேர் தட்டுவார்கள். ஒருவருக்குப் பாட்டு உடனே ஓடும். இன்னொருவரை 'முதலில் ஆப்பை இன்ஸ்டால் செய்யுங்கள்' என்று நிறுத்தும். மூன்றாமவருக்கு விளம்பரம் முடிந்ததும் கேட்காத வேறொரு பாட்டு ஓடும். அந்தப் பாட்டை ஆசையாக பிளேலிஸ்ட்டில் சேர்த்து வைத்தவர் ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் பெயர் மட்டும் சாம்பல் நிறத்தில் மங்கிக் கிடக்கும். தட்டினால் சத்தமே வராது.

ஏன் இப்படி நடக்கிறது? இதற்கும் போனுக்கும் நெட்வொர்க்குக்கும் சம்பந்தமில்லை. முன்பு மாணவர்கள் கைமாற்றியது பாட்டை. இப்போது கைமாற்றுவது பாட்டு இருக்கும் இடத்தின் முகவரியை. அந்த முகவரிக்குள் யாரை, எந்த நிபந்தனையில், எத்தனை நாள் விடலாம் என்பதை ஆப் நிறுவனமும் இசை நிறுவனமும் பேசி முடிவு செய்கின்றன.

கேசட்டில் தொடங்கிய கதை

80, 90-களில் படித்தவர்களிடம் கேட்டால் ரெக்கார்டிங் கடைகளைப் பற்றிச் சொல்வார்கள். பிடித்த பாட்டுகளை ஒரு தாளில் வரிசையாக எழுதிக் கொடுக்க வேண்டும். இரண்டு மூன்று நாள் கழித்துப் போனால் 60 அல்லது 90 நிமிட கேசட்டில் பதிந்து தருவார்கள். அந்தக் கேசட் ரூம் ரூமாகச் சுற்றும், சில சமயம் திரும்பி வராமலே போகும். பிறகு எம்பி3 சிடி வந்தது. அதற்குப் பிறகு செல்போன் கடை வாசலில் 'மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தரப்படும்' என்ற போர்டு வந்தது. வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ப்ளூடூத்தில் ஒரு பாட்டை அனுப்பி, அது 100 சதவீதம் ஆகும்வரை இரண்டு போனையும் அசையாமல் வைத்திருந்த தலைமுறை இன்று 30-களில் இருக்கிறது.

ஷேர்இட், ஸெண்டர் போன்ற ஆப்கள் அந்த வேலையைச் சில நொடிகளாகச் சுருக்கின. 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு தடை செய்த 59 சீன ஆப்களின் பட்டியலில் டிக்டாக்கோடு இந்த இரண்டும் இருந்தன. ஆனால் அதற்கு முன்பே பழக்கம் மாறத் தொடங்கிவிட்டது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்ததும், பாட்டை போனில் இறக்கி வைக்கும் தேவை குறைந்தது. 2019-ல் ஸ்பாடிஃபையும் யூடியூப் மியூசிக்கும் இந்தியாவுக்கு வந்தன. ஃபைல் போய் லிங்க் வந்தது இப்படித்தான்.

இதில் எம்பி3 காலமெல்லாம் பொற்காலம் என்று சொல்வதற்கில்லை. அந்தப் பாட்டுகளில் பெரும்பாலானவை உரிமை பெறாத காப்பிகள். பாடியவருக்கோ இசையமைத்தவருக்கோ அதில் ஒரு பைசா போகவில்லை. ஸ்ட்ரீமிங் அதைக் கொஞ்சமாவது மாற்றியது. அதற்கான விலையை வேறு விதத்தில் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

ஒரே லிங்க், ஆளுக்கு ஒரு அனுபவம்

முதல் பூட்டு, சந்தா. 2023 அக்டோபரில் ஸ்பாடிஃபை இந்தியாவில் இலவசமாகக் கேட்பவர்களுக்குக் கட்டுப்பாடுகளைக் கொண்டுவந்தது. பாடல்களை விரும்பிய வரிசையில் கேட்பது, ரிப்பீட் போடுவது, ஒரு பாட்டின் நடுவில் குறிப்பிட்ட இடத்துக்குப் போவது எல்லாம் பணம் கட்டியவர்களுக்கு என்றானது. நண்பர் "2 நிமிஷத்துக்கு அப்புறம் வர்ற வயலினைக் கேளு" என்று எழுதுவார். அந்த இடத்துக்கு நகர்த்த முடியாது!

பாட்டைப் பகிர்வதே இதனால் அடிபட்டது. நிறுவனமும் பிறகு இறங்கி வந்தது. 2025 செப்டம்பரில், இலவசக் கணக்கு வைத்திருப்பவர்களும் பாட்டைத் தேடிப் போட்டுக் கேட்கலாம், நண்பர் பகிர்ந்த பாட்டைத் தட்டியதும் கேட்கலாம் என்று ஸ்பாடிஃபை அறிவித்தது. அதற்கும் தினசரி அளவு உண்டு. இவ்வளவு காலம் இதுவே இல்லையா என்று கேட்டால், இல்லை.

யூடியூபில் நிலைமை வேறு. லிங்க் எல்லோருக்கும் திறக்கும், அதனால்தான் குரூப்களில் அதிகம் சுற்றுவது யூடியூப் லிங்க். ஆனால் பிரீமியம் இல்லையென்றால் ஸ்கிரீனை அணைத்ததும் பாட்டு நின்றுவிடும். பஸ்ஸில் போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு கேட்க முடியாது. ஸ்கிரீனை எரியவிட்டால் சார்ஜ் தீரும்.

மாணவர்களுக்குச் சலுகை விலைத் திட்டம் இருக்கிறதே? இருக்கிறது. ஸ்பாடிஃபையில் மாணவர் என்பதை ஆண்டுதோறும் நிரூபிக்க வேண்டும், அதிகபட்சம் நான்கு ஆண்டுகள்தான் கிடைக்கும். படிப்பு முடிந்து வேலை தேடும் நேரத்தில், கையில் காசு இல்லாத அதே மாதங்களில், சலுகையும் முடியும்.

பாட்டு சாம்பல் நிறமாவது ஏன்?

இரண்டாவது பூட்டு, ஒப்பந்தம். எந்த ஸ்ட்ரீமிங் ஆப்பும் பாடல்களை விலைக்கு வாங்கி வைத்திருப்பதில்லை. இசை நிறுவனங்களிடம் குறிப்பிட்ட காலத்துக்கு உரிமம் பெறுகிறது. காலம் முடிந்து பேரம் படியவில்லை என்றால் அந்த நிறுவனத்தின் பாடல்கள் மொத்தமாக வெளியேறும்.

2024 மார்ச்சில் இதுதான் நடந்தது. ஜீ மியூசிக்கோடு பேச்சு முடிவுக்கு வராததால் அதன் பாடல்கள் ஸ்பாடிஃபையிலிருந்து நீங்கின. 'ரயீஸ்' படத்தின் 'ஜாலிமா' போன்ற ஹிட் பாடல்களைச் சேர்த்து வைத்திருந்தவர்களின் பிளேலிஸ்ட்டில் திடீரென்று பள்ளங்கள் விழுந்தன. தமிழ் ரசிகர்களுக்கு இது அதற்கு முன்பே அறிமுகம். பழைய எச்எம்வி பாடல்களின் களஞ்சியம் சரிகம நிறுவனத்திடம் இருக்கிறது. 2019-ல் அந்த விவகாரம் டெல்லி உயர் நீதிமன்றம் வரை போய், சரிகம பாடல்களை ஸ்பாடிஃபை நீக்கியது. 2020 ஜூனில் ஒப்பந்தம் ஆனபிறகே அவை திரும்பின. இடையில் ஓராண்டுக்கு மேல், எம்.எஸ்.வி. பாட்டு ஒன்றை அங்கே தேடியவருக்கு யாரோ மேடையில் பாடிய கவர் வெர்ஷன் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

இதைவிடப் பெரிய இழப்பு, ஆப்பே மூடப்படுவது. ரெஸ்ஸோ 2024 ஜனவரி 31-ல் இந்தியாவில் சேவையை நிறுத்தியது. அதே ஆண்டு ஆகஸ்ட்டில், விங்க் மியூசிக்கை மூடப்போவதாக ஏர்டெல் அறிவித்தது. ஏர்டெல் சிம் வாங்கியதால் விங்க் பக்கம் போய், முதல் வருடத்திலிருந்து பாட்டுச் சேர்த்து வந்தவர்கள் நிறையப் பேர். பாடல்கள் வேறு ஆப்பிலும் இருக்கும், உண்மைதான். எந்தப் பாடல்கள் என்பது ஞாபகம் இருக்க வேண்டுமே?

அல்காரிதம் இருக்கும்போது நண்பன் எதற்கு?

புதுப் பாட்டைக் கண்டுபிடித்துத் தரத்தான் ஆப்கள் இருக்கின்றனவே என்று தோன்றலாம். ஸ்பாடிஃபை 2015 முதலே ஒவ்வொரு திங்கட்கிழமையும் 30 பாடல்கள் கொண்ட தனிப் பட்டியல் தருகிறது. இதன் அடிப்படை எளிது. நீங்கள் கேட்கும் பாடல்களைக் கேட்கும் மற்றவர்கள் வேறு எதைக் கேட்கிறார்கள் என்று பார்த்து, அதை உங்களுக்கு நீட்டும். ஏற்கெனவே பலர் கேட்ட பாட்டுக்கு இது நன்றாக வேலை செய்யும். நேற்று வெளியாகி நூறு பேர் கேட்ட பாட்டைப் பற்றி அதற்குச் சொல்ல ஒன்றும் இருக்காது.

அந்த முதல் தள்ளு மனிதர்களிடமிருந்து வர வேண்டியிருக்கிறது. 2011 நவம்பரில் 'ஒய் திஸ் கொலவெறி' வந்தபோது அனிருத்துக்கு வயது 21, அது அவரது முதல் படத்தின் பாட்டு. படம் வந்தது அடுத்த ஆண்டுதான். அதற்குள் ஃபேஸ்புக்கிலும் யூடியூபிலும் ஆளுக்கு ஆள் அனுப்பியே அது நாடு முழுக்கப் போய்விட்டது. 2024-ல் 'கட்சி சேர' எந்தப் படத்திலும் இல்லாத பாட்டு. ரீல்ஸிலும் ஸ்டேட்டஸிலும் சுற்றிச் சுற்றியே சாய் அபயங்கரின் பெயரை வீடு வீடாகக் கொண்டு சேர்த்தது. அடுத்த ஆண்டே 'டியூட்' படத்துக்கு அவர் இசையமைப்பாளர்.

ஆனால் ரீல்ஸ் வழியாக வரும் பாட்டுக்கு ஒரு குறை உண்டு. கையில் கிடைப்பது ஒரு துண்டு. ஹூக் லைனை மட்டும் மாதக்கணக்கில் கேட்டுவிட்டு, சரணம் ஒன்று இருப்பதே தெரியாதவர்கள் இருக்கிறார்கள். "இந்தப் பாட்டை முழுசா கேளு, கடைசியில ஒண்ணு இருக்கு" என்று சொல்ல ஒரு ஆள் தேவைப்படுவது அங்கேதான்.

சேர்த்ததைக் காப்பாற்ற வழி உண்டா?

உண்டு, பலருக்குத் தெரிவதில்லை. ஸ்பாடிஃபையின் கணக்குப் பக்கத்தில் பிரைவசி பிரிவுக்குப் போய் உங்கள் தகவல்களை டவுன்லோடு செய்யக் கேட்கலாம். சில நாட்களில் மெயிலில் லிங்க் வரும். அதில் உங்கள் பிளேலிஸ்ட்களில் உள்ள பாடல்களின் பெயர்களும், கடந்த ஓராண்டில் கேட்டவையும் இருக்கும். யூடியூப் மியூசிக் பயன்படுத்துபவர்கள் கூகுள் டேக்அவுட்டில் பிளேலிஸ்ட் விவரங்களை எடுக்கலாம். ஒரு ஆப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற சவுண்டிஸ் போன்ற சேவைகள் உள்ளன. தமிழ்ப் பாடல்களில் ஆங்கில எழுத்துக்கூட்டல் ஆப்புக்கு ஆப் மாறுவதால் சில பாடல்கள் தவறும், மாற்றியபின் ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.

இந்த ஃபைல்கள் எதிலும் எந்தப் பாட்டை யார் அனுப்பினார்கள் என்பது இருக்காது. அதற்கு வாட்ஸ்அப்பில் அந்தக் குரூப்பைத் திறந்து 'எக்ஸ்போர்ட் சாட்' கொடுத்தால் உரையாடல் டெக்ஸ்ட்டாகக் கிடைக்கும். அதில் லிங்க்குகள் புரியாத எழுத்துகளும் எண்களுமாகத்தான் தெரியும். லிங்க்கோடு சேர்த்து பாட்டின் பெயரையோ படத்தின் பெயரையோ ஒரு வரி டைப் செய்து அனுப்பியவர்களின் பாட்டு மட்டும் தேடினால் கிடைக்கும்.