ஓரத்தில் எழுதும் திருத்தம்

பதிவேட்டிற் பிழை புகுதல் புதுமையன்று. மருத்துவமனைச் சீட்டைப் பார்த்தெழுதுவோர் வள்ளியம்மாளை வல்லியம்மாளாக்கி விடுதல் மிக எளிது. தந்தையின் பெயர் குழந்தையின் பெயரோடு ஒட்டிக்கொள்வதும், பெயரே எழுதப்படாமல் ‘ஆண் குழந்தை’ என்ற அளவில் நின்றுவிடுவதும் உண்டு. எழுதுவோரும் மனிதரே, அவர்மீது சினங்கொள்வதிற் பயனில்லை.

எமக்கு அறிமுகமான மூதாட்டியார் ஒருவர், மக்கட்பேறில்லாதவர், சென்ற ஆண்டு கணவரை இழந்தார். மரணப் பதிவில் வீட்டில் வழங்கிய பெயர். சேமிப்புக் கணக்கில் பள்ளியில் இட்ட பெயர். இருவரும் ஒருவரே என்று மெய்ப்பிக்க அவரோடு யாமும் அலுவலகங்கட்கு நடந்தோம். ஆறு திங்களாயின, பணம் இன்னும் கைக்கு வந்தபாடில்லை.

சட்டமோ இத்துணைக் கடுமையானதன்று. 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், 15ஆம் பிரிவில், மூலப்பதிவைச் சிறிதும் மாற்றாமல் ஓரத்திலே திருத்தம் எழுதிக் கையொப்பமும் தேதியும் இடுமாறு கூறுகின்றது. 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவ விவாகச் சட்டமும் 78ஆம் பிரிவில் இம்முறையையே விதிக்கின்றது: பிழையைக் கண்ட ஒரு மாதத்துள், தம்பதிகள் முன்னிலையிலோ, அவர் இறந்தோ இல்லாமலோ போனவிடத்து நம்பத்தக்க இரு சாட்சிகள் முன்னிலையிலோ, பதிவு செய்பவர் திருத்தலாம். பழைய எழுத்தும் புதிய எழுத்தும் அருகருகே நிற்க, வஞ்சகத்திற்கு அஞ்சி மக்களை அலைக்கழிப்பானேன்? வயதைக் கூட்டியுங் குறைத்தும் ஆதாயந் தேடுவார் உளர் என்பது மெய்யே. அவர்பொருட்டு ஓரெழுத்துப் பிழைக்கும் ஏனையோரை ஐயுறுதல் முறையன்று என்பதே எம் கருத்து.

எனினும் குறை முழுவதும் அலுவலகத்தின்மீது சாராது. பிழையைக் கண்டும் ‘பின்னர்ப் பார்த்துக்கொள்வோம்’ என்று பெட்டியில் வைத்துப் பூட்டுபவர் நாமே. 2023 அக்டோபர் முதல் தேதிக்குப் பின் பிறந்தோர்க்குப் பள்ளிச் சேர்க்கை முதல் அரசுப்பணி வரை பிறப்புச் சான்றே பிறந்த தேதிக்குச் சான்றாக வேண்டும். உங்கள் தம்பி தங்கையர்க்கும், தமக்கையரின் மக்கட்கும் இது பெரிதும் வேண்டப்படுவது. மாணவ நண்பர்களே, விடுமுறையில் இல்லஞ் செல்லுங்கால் அப்பெட்டியைத் திறந்து பாருங்கள். பொருட்பிழையைத் திருத்த, உண்மை அறிந்த நம்பத்தக்க இருவரின் வாக்குமூலத்தை விதி கேட்கின்றது. பாட்டியார் இருக்கும்போதே கேட்டெழுதிக்கொள்வது நலம்.

அம்மூதாட்டியாரின் கணவரை இரு பெயராலும் அறிந்தவர் அவ்வூரில் இன்று ஒருவரே உளர். இரண்டாமவரைத் தேடிக்கொண்டிருக்கின்றோம்.